பாகற்காய் அமோக விளைச்சல்

எங்கள் காலத்துப் பெண்கள் விடுதியில் கடிதம் என்றாலே யாரோ படித்து முடித்துவிட்டுத் தருவதுதான். வார்டனம்மா பிரித்து, படித்து, மடித்துக் கொடுப்பார். மனம் நன்றாக இருக்கும் நாட்களில் படிக்கும் சிரமத்தையும் நமக்கு வைக்க மாட்டார். “உங்க சித்திக்குப் பொண்ணு பொறந்திருக்காம். அப்பா பணம் அடுத்த வாரந்தான் அனுப்புவாராம். இந்தா” என்று சாப்பாட்டு வரிசையில் வைத்தே வாசித்துவிடுவார். நாம் வீட்டுக்கு எழுதும் கடிதத்தையும் ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும். ஒட்டுவதற்குப் பசை அவர் மேசையில் இருந்தது.

விடுதிச் சாம்பாரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் அதன் நிலைமையை வீட்டுக்குத் தெரிவிப்பது எப்படி என்பதுதான் அந்த மூன்று வருடத்தில் நான் உருப்படியாகக் கற்ற பாடம். “இங்கு சாம்பார் மிகவும் தெளிவாக இருக்கிறது. தட்டின் அடியில் போட்டிருக்கும் பூ கூடத் தெரிகிறது” என்று எழுதினேன். வார்டனம்மா மகிழ்ச்சியோடு ஒட்டி அனுப்பினார். அடுத்த வாரமே அம்மா ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்பினாள். பட்டச் சான்றிதழில் மட்டும் தாவரவியல் என்று போட்டிருக்கிறது.

கடிதத்தை மூன்றாம் ஆள் படிப்பது என்பது நமக்குப் புதிதல்ல. கார்டு எழுதினால் தபால்காரர் படித்துவிட்டுத்தான் வாசலில் குரல் கொடுப்பார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் தெரு முழுக்கவே விஷயம் தெரிந்துவிடும். இன்லண்டு லெட்டர் ரகசியமானது என்று பெயர். பக்கவாட்டில் குழாய்போல் விரித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் முக்கால்வாசி விஷயம் கிடைத்துவிடும். எங்கள் தெருவில் இந்தக் கலையில் தேர்ந்த இரண்டு அத்தைகள் இருந்தார்கள். இலக்கியத்தில் மட்டும் என்ன? அண்ணா ‘தம்பிக்கு’ என்று எழுதினார். படித்தது நாடு முழுக்க இருந்த அண்ணன்களும் அக்காள்களும் சேர்த்து. மு.வ. ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்று ஆளுக்கொரு புத்தகமாகக் கடித வடிவில் எழுதி வைத்தார். ‘மாமியார்க்கு’ என்று ஒன்று எழுதாமல் விட்டுவிட்டார். எழுதியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

நாங்கள் ஐந்து பேர். பெயர்கள் வேண்டாம், எல்லோருக்கும் இப்போது சம்பந்திகள் இருக்கிறார்கள். விடுதியில் வழங்கிய பட்டப்பெயர்களே போதும். ஐ.ஏ.எஸ். எழுதப் போவதாக முதல் வருடமே அறிவித்தவள் கலெக்டர். விளக்கணைத்த பிறகும் பேச்சை நிறுத்தாதவள் ரேடியோ. பூனைக்கண்ணிக்கு விளக்கம் தேவையில்லை. தாவரவியல் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே தூங்கியவள் தூங்குமூஞ்சி. என் பட்டப்பெயரைச் சொல்வதாக இல்லை.

1991-ல் ஆட்டோகிராஃப் நோட்டில் அழுதுவிட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து பிரிந்தோம். பிரிந்த வேகத்தில் கல்யாணங்கள் நடந்தன. கலெக்டர் தூத்துக்குடிக்குப் போனாள், தூங்குமூஞ்சி கும்பகோணத்துக்கு, பூனைக்கண்ணி ஈரோட்டுக்கு, ரேடியோ பம்பாய் மாட்டுங்காவுக்கு. நான் ராஜபாளையம். ஆளுக்கு நாலு இன்லண்டு என்று வாங்கி எழுதிப் பார்த்தோம். லெட்டர் 75 காசுதான். காசு பெரிதில்லை. ஒரே சமாசாரத்தை நாலு தடவை எழுதுவதுதான் கொடுமை. முதல் கடிதத்தில் இரண்டு பக்கம் வந்த நாத்தனார் கல்யாணம், நாலாவது கடிதத்தில் ‘நாத்தனாருக்குக் கல்யாணம் முடிந்தது’ என்ற அளவுக்கு வற்றிவிடும். அந்த நாலாவது கடிதம் யாருக்குப் போனது என்பதை வைத்து நட்பில் மனத்தாங்கலும் வந்தது.

கலெக்டர்தான் யோசனை சொன்னாள். இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று. ஒருத்தி எழுதி அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டும். அவள் முன்னால் உள்ளதைப் படித்து, தன் பங்கை எழுதி, அதற்கடுத்தவளுக்கு. ராஜபாளையம், தூத்துக்குடி, கும்பகோணம், ஈரோடு, பம்பாய், மறுபடியும் ராஜபாளையம். வந்த ஒரு வாரத்துக்குள் கிளப்பிவிட வேண்டும் என்பது சட்டம். ஒரே ஒருவர்கூட அந்தச் சட்டத்தை மதித்ததாக நினைவில்லை.

கனத்த நோட்டைக் கடிதக் கட்டணத்தில் அனுப்பினால் கட்டுப்படியாகாது. புக் போஸ்ட் அப்போது மலிவு. ஆனால் புக் போஸ்ட்டுக்கு இரண்டு நிபந்தனைகள். அஞ்சலகத்துக்காரர் உருவிப் பார்க்கும்படி முனைகள் திறந்திருக்க வேண்டும். உள்ளே சொந்தக் கடிதம் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் நோட்டில் சொந்தக் கடிதத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. எனவே அதைக் கையெழுத்துப் பத்திரிகை ஆக்கினோம். அட்டையில் குத்துவிளக்குப் படம், ‘பஞ்சாமிர்தம்’ என்று பெயர், ‘ஆசிரியர் குழு: ஐவர்’ என்று ஒரு வரி, உள்ளே பொருளடக்கம். நாத்தனார் கல்யாணம் ‘ஒரு திருமணக் காட்சி’ என்ற தலைப்பில் கட்டுரையாகிவிட்டது. எனக்கு மூன்று நாள் ஜுரம் அடித்தது ‘உடல்நலப் பகுதி’.

எங்கள் ஊர் அஞ்சலகத்தில் தபால்தலை விற்றுக்கொண்டிருந்தவர் முதல் தடவை பழுப்புத்தாள் உறையிலிருந்து நோட்டை உருவி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“இது லெட்டரா, புஸ்தகமா?”

“பத்திரிகை சார். கையெழுத்துப் பத்திரிகை.”

புரட்டினார். ஒரு பக்கம் படித்தார். அடுத்த பக்கமும் படித்தார். பின்னால் மணியார்டர் அனுப்ப நின்றவர் செருமினார். முத்திரை விழுந்தது. மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ அவரே கேட்டார்: “ஏம்மா, அந்தப் பம்பாய்ப் பொண்ணுக்கு வீடு கிடைச்சிருச்சா?”

ஐந்து பேர் மட்டும் படிப்பதற்காக ஆரம்பித்தது இப்படித்தான் கை மீறிப் போனது. ரேடியோ வீட்டில் அவள் கணவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர். அது பாதுகாப்பு என்று நினைத்தாள். அதே கட்டடத்தின் மற்ற மாடிகளில் தமிழ் படிக்கத் தெரிந்து, படிக்க ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மாமிகள் இருந்தார்கள். நோட்டு மாடி மாடியாக இரவல் போய், ஓரங்களில் குங்குமக் கறையோடும், நடுவில் யாரோ மறந்துவிட்ட வாரப் பத்திரிகைத் தொடர்கதைக் கிழிசலோடும் திரும்பி வரும். அந்தத் தொடர்கதையையும் நாங்கள் படித்தோம். அடுத்த அத்தியாயம் கேட்டு ரேடியோவுக்கு எழுதினோம்.

என் மாமியாருக்குப் படிக்க வராது. நான்தான் சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து வாசித்துக்காட்ட வேண்டும். படிக்க வராதவரை ஏமாற்றுவது எளிது என்று நினைப்பவர்கள் என் மாமியாரைப் பார்த்ததில்லை. பக்கம் திருப்புவதற்குள் எவ்வளவு நேரம் வாசித்தேன் என்பதை மனதுக்குள் அளந்து வைத்திருப்பார். நடுவில் நாலு வரியைத் தாண்டினால் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: “இந்தப் பக்கம் சின்னப் பக்கமா இருக்கே.” மறுபடி முதலிலிருந்து.

எல்லோரையும் மிஞ்சியவர் பூனைக்கண்ணியின் மாமனார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தமிழ் வித்வான். ஈரோட்டிலிருந்து திரும்பி வந்த நோட்டைப் பார்த்தால் ரத்தக் காயம் பட்டிருக்கும். ‘எனக்கு தெரியாது’ என்று ரேடியோ எழுதியிருந்த இடத்தில் ஒரு சிவப்பு ‘த்’. ‘அங்கே போய் பார்த்தேன்’ என்ற இடத்தில் ஒரு சிவப்பு ‘ப்’. கட்டுரை முடிவில் மதிப்பெண். ரேடியோவுக்குப் பத்துக்கு நாலரை. கலெக்டருக்கு ஏழு. அவர் மருமகளுக்கும் சலுகை கிடையாது. ஐந்தரை போட்டு, ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த அரை மார்க்கைப் பற்றி அவர்கள் வீட்டில் பேச்சு வந்து இரண்டு நாள் நீடித்ததாம்.

பிறகு ஓரங்களில் குறிப்பு எழுதவும் தொடங்கினார். அ. மாதவையாவும் 1924-ல் ‘பஞ்சாமிர்தம்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார் என்று அவர் எழுதித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ‘பெயரைக் காப்பாற்றவும்’ என்று கீழே கோடு போட்டிருந்தார். ராஜபாளையத்திலிருந்து அதிக தூரமில்லாத இடைசெவலில் பிறந்த கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் எப்படிப்பட்ட நண்பர்கள், அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் எப்படிப் பின்னால் புத்தகமாகவே வந்தன என்று எனக்கென்று தனியாக அரைப் பக்கம். திருநெல்வேலியில் டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியைப் பற்றி இன்னொரு அரைப் பக்கம். அந்த வட்டத்தொட்டிக்கு வெகு தொலைவில்லாத விடுதியில் மூன்று வருடம் இருந்தும் அதைப் பற்றிக் கேள்விப்படாமல் வந்திருக்கிறோமே என்று வருத்தம். எங்கள் நோட்டும் ஒருநாள் அச்சாகும் என்று மனிதர் உண்மையாகவே நம்பினார் என்று நினைக்கிறேன். அதனால்தான் ஒற்றுப்பிழை அவரை அப்படி வாட்டியிருக்கிறது.

இத்தனை கண்கள் படிக்கும்போது சொந்தக் கஷ்டத்தை எழுதுவது எப்படி? விடுதிப் பயிற்சி கைகொடுத்தது. தாவரவியல் வகுப்பில் எங்களுக்குள் ஒரு சங்கேதம் இருந்தது. பாகற்காய் என்றால் வார்டனம்மா. மொமார்டிகா கரன்ஷியா என்று முழு விஞ்ஞானப் பெயரையும் சொன்னால் வார்டனம்மா இந்தப் பக்கமாக வந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். கல்யாணத்துக்குப் பிறகு பதவி கைமாறி, பாகற்காய் மாமியார் ஆனது. அதை யாரும் அறிவிக்கவில்லை. தூங்குமூஞ்சி ஒரு சுற்றில் எழுதினாள்: ‘எங்கள் வீட்டில் இந்த வருடம் பாகற்காய் அமோக விளைச்சல். மூன்று வேளையும் அதுதான். போன வாரம் வாயில் வைக்க முடியவில்லை.’ படித்த நாங்கள் நால்வரும் அவளுக்காக உருகினோம்.

நாங்கள் மட்டும் படித்திருந்தால் உருகியதோடு முடிந்திருக்கும். ஈரோட்டுப் பெரியவர் ஓரத்தில் எழுதினார்: ‘விளைச்சல் மிகுதியெனில் வற்றல் போடலாம். வட்டமாக நறுக்கி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தவும். வருடம் முழுவதும் வரும்.’ என் மாமியார், கசப்பு போக அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லி என்னை எழுத வைத்தார். மாட்டுங்கா மூன்றாம் மாடி மாமி ஒருத்தர், சர்க்கரை வியாதிக்கு அது எவ்வளவு நல்லது என்று பென்சிலில் அரைப் பக்கம் எழுதி, முடிந்தால் கொஞ்சம் விதை அனுப்பும்படி கேட்டிருந்தார்.

நோட்டு சுற்றி முடித்துக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது அதை முதலில் பிரித்தவர் தூங்குமூஞ்சியின் மாமியார். சங்கீதம், சமையல், தினசரிப் பத்திரிகை மூன்றிலும் ஊறியவர். முழுவதையும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, நம்மாத்துல பாகக்கொடியே கிடையாதே. எல்லாரும் எதுக்கு விதை கேக்கறா?”

தூங்குமூஞ்சி வாழ்க்கையிலேயே அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தது அன்றைக்குத்தான் இருக்கும். “இனிமேதாம்மா போடணும். இடம் பாத்து வெச்சிருக்கேன். கொஞ்சம் முன்கூட்டியே எழுதிட்டேன்” என்றிருக்கிறாள். பின்கட்டில் கிணற்றடியில் குழி வெட்டினாள். பந்தல் போட்டாள். கும்பகோணத்துக் காவிரி மண். அமோக விளைச்சல். மூன்று வேளையும் அதுதான். அடுத்த சுற்றில் எங்கள் நால்வருக்கும், மூன்றாம் மாடி மாமிக்கும், ஈரோட்டுப் பெரியவருக்கும் நோட்டின் நடுவில் தனித்தனிப் பொட்டலமாக விதை வந்தது. விதைப் பொட்டலம் புக் போஸ்ட்டில் போகலாமா என்று எங்கள் ஊர் அஞ்சலகத்துக்காரரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டேன்.

விதையோடு கும்பகோணத்து மாமியாரின் கையெழுத்திலேயே ஒரு பக்கம் வந்ததுதான் பெரிய திருப்பம். ‘இத்தனை பேர் வீட்டு விஷயம் படிக்கிறேன், நானும் ஏதாவது கொடுக்க வேண்டாமா’ என்று ஆரம்பித்து, கும்பகோணம் கடப்பா செய்யும் விதத்தை எழுதியிருந்தார். உருளைக்கிழங்கு, வேகவைத்த பாசிப்பருப்பு, தேங்காய், கசகசா, சோம்பு, பச்சைமிளகாய். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள.

ஐந்து ஊரிலும் கடப்பா கொதித்தது. எந்த ஊரிலும் சரியாக வரவில்லை. தண்ணியாக ஓடியது என்றாள் கலெக்டர். என் மாமியார் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

“பொட்டுக்கடலையச் சொல்லாம விட்டுட்டா. எழுது.”

“அத்தை, அப்படி எப்படி எழுதுறது?”

“நான் சொல்லுதேன்னு எழுது.”

எழுதினேன். முடிந்தவரை பணிவாக. தேங்காயோடு பொட்டுக்கடலையும் சேர்த்து அரைப்பது வழக்கமாயிற்றே, ஒருவேளை எழுதும்போது விட்டுப்போயிருக்குமோ என்று என் மாமியார் கேட்கச் சொன்னார்கள் என்று. பதில் ஒரு சுற்று கழித்து வந்தது. ‘பொட்டுக்கடலை போடுவது ஹோட்டல் வழக்கம். எங்களகத்தில் வழக்கமில்லை.’ அவ்வளவுதான், இரண்டு வரி. கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருந்தார். அந்தக் காலிப் பக்கத்தையும் நான் வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பஞ்சாமிர்தம் எங்கள் பத்திரிகையாக இல்லை. ஹோட்டல் வழக்கம் என்ற சொல்லுக்குப் பதிலடியாக என் மாமியார் சீரகச் சம்பா அரிசியில் ஆரம்பித்து ராஜபாளையத்து வீட்டுச் சமையல் முழுவதையும் எனக்குச் சொல்லி எழுத வைத்தார். நான் எழுதியது போக எனக்கென்று எழுத இடமே மிஞ்சவில்லை. ஈரோட்டுப் பெரியவர் நடுநிலை வகித்து, இரு தரப்புக்கும் பத்துக்கு எட்டு போட்டார். எங்கள் ஐவரில் யாருக்கும் அவர் எட்டு போட்டதே இல்லை. கலெக்டரின் மகன் காதுகுத்துக்குத் தூத்துக்குடியில் எல்லோரும் கூடினோம். எதிரிகள் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளப் போகிறார்களே என்று நானும் தூங்குமூஞ்சியும் நடுங்கிக்கொண்டிருந்தோம். அவர்கள் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மருமகள்களின் கையெழுத்து எவ்வளவு மோசம் என்பதில் உடனே ஒருமனப்பட்டார்கள். மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது என் மாமியார் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பொட்டுக்கடலை. “நீங்க சொன்னது சரிதான்னு காதோட சொன்னா. எழுத்துல ஒத்துக்க மாட்டாளாம்” என்றார்.

நோட்டு சுற்றுவது எப்போது நின்றது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. போன் வந்து கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. முதலில் வந்தது பி.பி. நம்பர். பக்கத்து வீட்டுப் போனில் நமக்கு அழைப்பு வரும். நாம் ஓடிப்போய்ப் பேச, அந்த வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருப்பார்கள், ஒரு வார்த்தை தவறிவிடாதபடி. அடுத்து எஸ்.டி.டி. பூத். இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும் என்பதால் ஊரில் உள்ள அத்தனை அன்பும் தூக்கம் கலைந்து அங்கேதான் வரிசையில் நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடி, “அப்புறம்?” “அப்புறம் நீதான் சொல்லணும்” என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டே ரூபாய் ஏறிவிடும். பிரவுசிங் சென்டர் காலத்தில் எங்கள் எல்லோருடைய இமெயில் பாஸ்வேர்டும் அந்தந்தக் கடைப் பையன்களுக்குத் தெரியும். அவர்கள்தான் உருவாக்கிக் கொடுத்தார்கள். ரேடியோவின் கடிதத்தை எனக்கு முன்பே எங்கள் ஊர்ப் பையன் படித்துவிட்டு, “பம்பாயிலேருந்து வந்திருக்கு, ஒண்ணும் விசேஷமில்ல அக்கா” என்று சொல்லிவிடுவான். அப்போதுகூட ஒருவிதத்தில் குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

பிறகு வாட்ஸாப் வந்தது. கலெக்டர் கலெக்டராகவில்லை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாகி, தலைமையாசிரியை ஆகி, இப்போது ஓய்வுபெறப் போகிறாள். அவள்தான் குழு தொடங்கினாள். பெயர் பஞ்சாமிர்தம். இன்றைக்கு ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். அதில் நாங்கள் ஐந்து பேர், பெரிய கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துவிட்டுப் பத்திரிகை அடிக்க மறந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். முதல் வாரம் எல்லோரும் எழுதினோம். இரண்டாவது வாரம் பேரன் பேத்தி படங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ரோஜா.

ரோஜாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிகாலை ஐந்தரைக்குப் பூனைக்கண்ணி ஒரு ரோஜாப்பூ அனுப்புவாள், இதழில் பனித்துளி, அடியில் பொன்மொழி. ஆறு மணிக்கு ரேடியோ அதைவிடப் பெரிய ரோஜா. இந்தியாவில் ஏராளமான பேருடைய போன் இந்தக் காலை வணக்கப் படங்களால் மூச்சுத் திணறுகிறது என்று கூகுள்காரர்களே 2018 வாக்கில் கண்டுபிடித்து, அவற்றைப் பொறுக்கி அழிக்க ஒரு வசதியும் செய்துகொடுத்தார்கள். பேச்சு நிற்காது என்பதற்காக ரேடியோ என்று பெயர் வாங்கியவள், ஒரு வார்த்தையும் இல்லாமல் பூவை மட்டும் அனுப்புகிறாள் என்றால் என்ன சொல்வது. 2014-லிருந்து நீல டிக் வேறு. படித்துவிட்டாள், பதில் போடவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. நோட்டுக் காலத்தில் பதில் வர இரண்டு மாதம் ஆனால் தபாலைத் திட்டலாம்; தோழியைத் திட்ட வேண்டியிருக்காது.

எதனால் இப்படி ஆயிற்று என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. குழுவின் உச்சியில் இருந்த அந்தச் சிறிய அறிவிப்பைப் படித்த அன்றுதான் பிடிபட்டது. நாங்கள் எழுதுவது எங்களுக்குள் மட்டும்தானாம்; வெளியே ஒருவரும் படிக்க முடியாதாம்; அந்த நிறுவனமே நினைத்தாலும் முடியாதாம். 2016 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் அப்படிப் பூட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யாருமே எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்றால் நான் எதை மறைத்து எழுதுவது? யாருக்குத் தெரியாமல் உருகுவது? மாமியாரைப் பாகற்காய் என்று சொன்னால்தான் அதில் ஒரு வேலைப்பாடு இருக்கிறது. மாமியார் என்றே எழுதலாம் என்று சுதந்திரம் கொடுத்துவிட்டால் இரண்டு வரியில் அலுத்துப்போகிறது. சிவப்பு மையும் இல்லை; ரேடியோ இப்போது ஒற்றே போடுவதில்லை, சில நாள் உயிரெழுத்தும் போடுவதில்லை.

போன வருடம் பழைய நோட்டுகளைத் தேடினோம். நிரம்பிய நோட்டுகள் ஈரோட்டுப் பெரியவர் அலமாரியில், அவர் காலமான பிறகும், வரிசை எண் ஒட்டியபடி இருந்தன. கடைசி நோட்டு மட்டும் இல்லை. விசாரித்ததில் அது கும்பகோணத்தில் இருந்தது. நோட்டு சுற்றுவது நின்றபோது அது யார் வீட்டில் இருந்ததோ அவர் அதைத் தன் முறை முடியாததாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். தூங்குமூஞ்சியின் மாமியாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நோட்டைக் கேட்டதற்கு, “நான் இன்னும் எழுதி முடிக்கலை. எழுதிட்டு அனுப்பறேன். நடுவுல கேக்கப்படாது” என்று சொல்லிவிட்டாராம். தினம் ஒரு பக்கம் எழுதுகிறார் என்றாள் தூங்குமூஞ்சி. உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அவளுக்கு அனுமதியில்லை. அவளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் முயன்று பார்த்திருக்கிறாள்.

நோட்டை அனுப்பாவிட்டால் போகட்டும், ஆளையாவது சேர்ப்போம் என்று அவர் பேரன் ஒருநாள் பாட்டியின் கைக்கணினியில் வாட்ஸாப்பைப் போட்டு, எங்கள் குழுவில் சேர்த்துவிட்டான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு ரோஜா வந்தது. ஐந்து முப்பத்தைந்துக்கு ஒரு குரல் பதிவு.

“யாரது, கார்த்தால எழுந்ததும் பூ அனுப்பறது? ஈரோட்டுப் பொண்ணா? ஆத்துல வேலை ஒண்ணும் இல்லையா? உங்க மாமனார் இருந்தா இதுக்கு எத்தனை மார்க் போடுவார்? அது கெடக்கட்டும், உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? விவரமா எழுது.”

பூனைக்கண்ணி விவரமாக எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வரும். ஒற்றுப்பிழை இரண்டே இரண்டு. நான் எண்ணிப் பார்த்தேன். ரேடியோ மும்பை மழையைப் பற்றி எழுதினாள், முழு வாக்கியங்களில். கலெக்டர் ஓய்வுபெறும் விழாவில் பேசவேண்டியதைப் போட்டுக் கருத்துக் கேட்டாள். பாட்டி குரல் பதிவாகவே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார், ஒவ்வொன்றும் நாலு நிமிடம். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பூனைக்கண்ணி கண்டுபிடித்துச் சொன்னாள். அந்த வேகத்தில் அவர் கோபமாக இருப்பதுபோல் கேட்கிறது என்பதால் நான் முயல்வதில்லை. நானும் என் மருமகளைப் பற்றி எழுத நினைத்ததை வேறுவிதமாக எழுதினேன். ‘எங்கள் வீட்டில் இப்போது கொத்தவரங்காய் அதிகம் சமைக்கிறோம்’ என்று. மற்ற நால்வருக்கும் புரிந்துவிட்டது. பாட்டி, கொத்தவரங்காயைப் பருப்புசிலி செய்யச் சொல்லி நாலு நிமிடம் பேசினார்.

பாட்டிக்குத் தெரியாமல் மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டாமா என்று ரேடியோ போன மாதம் இன்னொரு குழு தொடங்கினாள். நாங்கள் ஐந்து பேர் மட்டும். அதில் இதுவரை வந்திருப்பதெல்லாம் ரோஜாதான்.